மாரியோ ஏன் இவ்வளவு வேகமாக ஓடுகிறான்?

மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கி நானே செய்த வீடியோ கேம் கைக்கருவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். பெட்டியைத் திருப்பிப் பார்ப்பான், பட்டனைத் தடவிப் பார்ப்பான், 'நீயே பண்ணியா?' என்று கேட்பான் என்று எதிர்பார்ப்பு. அதெல்லாம் ஒன்றுமில்லை. இரண்டு நிமிடம் ஆடினான். அப்புறம் நிமிர்ந்து, "டேய், மாரியோ ஏன்டா இப்படி ஓடுறான்? பாட்டும் வேகமா போகுது. நம்ம வீட்ல இருந்தது இப்படி இல்லையே" என்றான்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. நாற்பத்தைந்து வயசாகிறது, கை மெதுவாகிவிட்டது, பழியை மாரியோ மேல் போடுகிறான் என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் அவன் சொன்னது சரி. தோராயமாக இல்லை, நன்றாகவே சரி. நாங்கள் பெரம்பூர் வீட்டில் ஆடிய மாரியோவுக்கும் என் கருவியில் ஓடிய மாரியோவுக்கும் வேகத்தில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு வித்தியாசம். முப்பது வருஷம் கழித்தும் அவன் காதும் கையும் அதைப் பிடித்துவிட்டன.

இந்த ஆறில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், இந்தக் கருவி வேலை செய்யும் விதம் முழுவதும் வழியில் வந்துவிடுகிறது. பழைய வீடியோ கேமை ஓட்டும் கைக்கருவியை வீட்டிலேயே செய்வது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எந்த போர்டு வேகமானது, எதில் எத்தனை கேம் ஓடும் என்றே பேசுகிறார்கள். வேகம் பிரச்சினையே இல்லை. இன்று ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் சில்லுக்குக்கூட அந்தக் கால கேம்களை ஓட்டத் தேவையானதைவிட அதிக பலம் இருக்கிறது. கஷ்டம் எல்லாம் நேரத்தைக் கடைப்பிடிப்பதில். ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது திரையில் மாறிமாறி வரும் ஒவ்வொரு படமும், அதற்குரிய நொடித்துளியில் திரைக்கு வந்துவிட வேண்டும், முன்னேயும் கூடாது, பின்னேயும் கூடாது.

முதலில் நாங்கள் ஆடியது என்ன பெட்டி என்று சொல்லிவிடுகிறேன். 1983இல் நிண்டெண்டோ ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெட்டியை விற்க ஆரம்பித்தது. அமெரிக்காவுக்குப் போனபோது அதற்கு நெஸ் என்று பெயர். இந்த இரண்டையும் சென்னையில் நேரில் பார்த்த பிள்ளைகள் ரொம்பக் குறைவு. 90களில் நம் வீடுகளுக்கு வந்தவை அதன் நகல்கள். அப்பா பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்த பெட்டியின் மேல் என்னென்னவோ பெயர்கள் இருந்தன, நாங்கள் சொன்னது 'டிவி கேம்'. கேசட்டில் 9999 விளையாட்டு என்று அச்சடித்திருக்கும், எண்ணிப் பார்த்தால் இருபது தேறாது. மீதியெல்லாம் அதே காண்ட்ரா, அதே ரோடு ஃபைட்டர், வேறு கட்டத்திலிருந்து ஆரம்பிக்கும், அவ்வளவுதான். ஒருநாள் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். பச்சை போர்டு நடுவில் கறுப்பாகப் பிசின் பொட்டு ஒன்று, திருஷ்டிப் பொட்டு மாதிரி. நிண்டெண்டோ பல சில்லுகளில் செய்ததை யாரோ ஒரே பொட்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறை நகல்களில் தைவானைச் சேர்ந்த யுஎம்சி செய்த சில்லுகள் இருந்தன. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதை திரும்ப அங்கேதான் வரப்போகிறது.

இனி எமுலேட்டர். ஃபேமிகாமின் மூளை ரிக்கோ நிறுவனம் செய்த 2ஏ03 என்ற சில்லு. நொடிக்கு சுமார் 17.9 லட்சம் துடிப்பு, அதாவது 1.79 மெகாஹெர்ட்ஸ். வேலை செய்ய அதற்குக் கொடுத்த நினைவகம் 2 கிலோபைட். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகும் என்பதால், மேலே அப்பா டிவி கேம் வாங்கி வந்த பத்தியை மட்டும் அந்த நினைவகத்தில் வைக்கப் பார்த்தால் பத்தி முடிவதற்குள் இடம் தீர்ந்துவிடும். படம் வரைய இன்னொரு சில்லு. மூளை ஒரு முறை துடிப்பதற்குள் இது திரையில் மூன்று புள்ளிகளைத் தாண்டிவிடும். ஒரு ஃபிரேம் முடிய 89,342 புள்ளி நேரம். அதில் மூளைக்குக் கிடைப்பது சுமார் 29,780 துடிப்பு. நொடிக்கு அறுபது முறைக்குச் சற்று மேல் இது நடக்கும்.

எமுலேட்டர் என்பது இந்த இரண்டு சில்லுகளும் செய்ததை அப்படியே நடித்துக் காட்டும் நிரல். கேசட்டிலிருந்த கட்டளைகளில் ஒன்றை எடுக்கும், என்ன கட்டளை என்று பார்க்கும், பழைய சில்லு செய்திருக்கும் வேலையைச் செய்யும், அதற்கு எத்தனை துடிப்பு ஆகியிருக்கும் என்று கணக்கு எழுதும், அந்தக் கணக்குக்கு ஏற்றபடி படச்சில்லை நகர்த்தும். பிறகு அடுத்த கட்டளை. ஃபிரேம் முடிந்ததும் நின்றுவிடும். நான் வைத்திருக்கும் ராஸ்ப்பெரி பை ஸீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி போர்டில் 1 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் நான்கு உள்ளகங்கள் (கோர்) இருக்கின்றன. ஒரு ஃபிரேமுக்குரிய வேலையை அது கொஞ்ச நேரத்திலேயே முடித்துவிடுகிறது. ஆனால் ஃபிரேமுக்கு ஒதுக்கிய நேரம் 16.6 மில்லி நொடி. மிச்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று நம் பெரியவர்கள் சொன்னது எமுலேட்டருக்கும் பொருந்துகிறது. சரியாக எண்ணிக் காத்திருக்கத் தெரியாத எமுலேட்டரில் மாரியோ காற்றாகப் பறப்பான், கொஞ்சம் தூங்கிவிட்டால் ஸ்பீக்கரில் கரகரவென்று சத்தம் வரும். படம் ஒன்றிரண்டு விட்டுப்போனால் கண் மன்னித்துவிடும், காது மன்னிக்காது.

இந்த நிரலை நாம் எழுத வேண்டியதில்லை. ரெட்ரோஆர்ச், அதை மையமாக வைத்துக் கட்டிய ரெட்ரோபை போன்ற தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன, எழுதியவர்கள் பல வருஷம் உழைத்திருக்கிறார்கள். மெமரி கார்டில் ஏற்றி, போர்டில் சொருகி, டிவியில் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் கேம் ஓடும். அதைப் பார்த்துவிட்டு 'அட, இவ்வளவுதானா' என்று நானும் நினைத்தேன். டிவியை எடுத்துவிட்டு உள்ளங்கை அளவுத் திரை, பேட்டரி, பட்டன் என்று மாற்ற ஆரம்பித்தபோதுதான் மூன்று மாதம் போனது.

சாமான் வாங்க ரிச்சி தெருவைத் தவிர வேறெங்கே போவது. பேருக்குத்தான் ரிச்சி தெரு, கடைகள் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு வரை பரந்து கிடக்கின்றன. போர்டு, சென்சார், டிஸ்பிளே விற்கும் கடைகளுக்கு முன்னால் ப்ராஜெக்ட் சீசனில் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் நெரியும். நான் போன அன்று முன்னால் நின்ற பையன் கையில் பத்துப் பொருள் எழுதிய சீட்டு இருந்தது. எது எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை, கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது.

என் முறை வந்ததும், "அண்ணே, 2.8 இன்ச் எஸ்பிஐ டிஸ்பிளே இருக்கா?" என்றேன்.

"டச்சா, டச் இல்லாததா?"

"டச் வேணாம்."

"டச் இருக்கறதுதான் இருக்கு. எடுத்துக்கங்க பாஸ், டச்ச யூஸ் பண்ணாதீங்க."

அப்படி வந்து சேர்ந்ததுதான் என் திரை. ஐஎல்ஐ9341 என்ற கட்டுப்பாட்டுச் சில்லு வைத்தது, 320க்கு 240 புள்ளி. மலிவு, எங்கும் கிடைக்கும், ஏழெட்டு ஒயரில் வேலை முடியும். சிக்கலும் அந்த ஏழெட்டு ஒயரில்தான். எஸ்பிஐ முறையில் படம் முழுவதும் ஒரே ஒரு ஒயர் வழியாக, ஒற்றை வரிசையில், பிட் பிட்டாகப் போக வேண்டும். கணக்கைப் பாருங்கள்: 320ஐ 240ஆல் பெருக்கினால் 76,800 புள்ளி. புள்ளிக்கு 16 பிட். ஒரு படத்துக்கு 12,28,800 பிட். நொடிக்கு 60 படம் என்றால் 7.37 கோடி பிட். சில்லின் ஆவணம் உத்தரவாதம் கொடுப்பது நொடிக்கு ஒரு கோடிக்குத்தான். அந்த வேகத்தில் நொடிக்கு எட்டுப் படம் போகும். மாரியோ குதிப்பதைப் பார்க்க முடியாது, குதித்து முடித்ததைத்தான் பார்க்கலாம்.

ஆவணம் சொல்வதைவிட இந்தத் திரைகள் நிறையவே தாங்கும் என்பது கைவேலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். நான்கைந்து மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் பெரும்பாலானவை ஒழுங்காக வேலை செய்கின்றன. எவ்வளவு தாங்கும் என்பது வாங்கிய திரையின் ஜாதகம். என் திரை 50 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு 5 கோடி பிட் வரை, சமர்த்தாக இருந்தது. 66க்கு ஏற்றியதும் வானத்தில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் தெளித்தன. ஒயரைக் குட்டையாக்கிப் பார்த்தேன், தெளிப்பு குறைந்ததே தவிர நிற்கவில்லை. 50இலேயே விட்டுவிட்டேன்.

அப்படியானாலும் 7.37 கோடி 5 கோடிக்குள் அடங்காது. இரண்டு குறுக்கு வழி உண்டு. ஒன்று, ஃபேமிகாமின் படம் 256 புள்ளி அகலம்தான், இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுவிடலாம். அப்போது நொடிக்கு 5.9 கோடி பிட் ஆகிறது. இன்னொன்று, முந்தைய படத்திலிருந்து மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்புவது. ராஸ்ப்பெரி பையில் இப்படிச் செய்வதற்கென்றே எழுதிய டிரைவர், அதாவது திரையை இயக்கும் நிரல், ஒன்று இருக்கிறது. அது பழைய வரைகலை அமைப்பை நம்பியிருப்பதால் புதிய இயக்குதளத்தில் அப்படியே ஓடாது, பழைய பதிப்பைப் போட வேண்டியிருக்கும். பேட்டில் சிட்டி ஆடினால் இந்த உத்தியின் பலன் பளிச்சென்று தெரியும். செங்கல் சுவர் நின்ற இடத்தில் நிற்கிறது, நாலைந்து டேங்க் மட்டும் நகர்கிறது, ஒயர் பெரும்பாலும் ஓய்வெடுக்கிறது. மாரியோவில் நிலைமை வேறு. அவன் ஓட ஓடப் பின்னணி முழுவதும் நகர்கிறது. நீல வானம் நீலமாகவே இருப்பதால் கொஞ்சம் மிச்சம், ஆனால் புதரும் மேகமும் செங்கல்லும் நெருக்கமாக வரும் இடங்களில் படம் லேசாகத் திக்கும். நிறம் நிறைந்த பின்னணி முழுக்க நகரும் விளையாட்டுகளில் திக்கல் இன்னும் நன்றாகவே தெரிந்தது. 5.9 கோடி, 5 கோடிக் குழாயில் போகவில்லை.

இதற்கு வழி அண்ணனின் புகாரிலேயே இருந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை.

பேட்டரிக்கு வருவோம். போர்டும் திரையும் ஸ்பீக்கரும் சேர்ந்து என் மீட்டரில் 5 வோல்ட்டில் சுமார் 450 மில்லி ஆம்பியர் இழுத்தன, அதாவது இரண்டேகால் வாட். 2600 மில்லி ஆம்பியர் மணி கொண்ட ஒரு 18650 ரக லித்தியம் செல்லில் ஒன்பது வாட் மணிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். 3.7 வோல்ட்டை 5 ஆக்கும் பூஸ்ட் போர்டு அதில் பத்துப் பதினைந்து சதவீதத்தை வெப்பமாகத் தின்றுவிடும். மூன்றரை மணி நேரம் ஓடினால் நல்ல பிள்ளை. 1989இல் வந்த கேம் பாய் நாலு பென்டார்ச் செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதை வடிவமைத்த குன்பெய் யோகோய் வேண்டுமென்றே பழகிப்போன, மலிவான, கறுப்பு வெள்ளைத் திரையைத்தான் எடுத்தார். அடுத்த வருஷம் வந்த செகா கேம் கியர் கலரும் பின்விளக்குமாக ஆறு செல் கேட்டது, நாலைந்து மணி நேரத்தில் காலியாக்கியது. 1.79 மெகாஹெர்ட்ஸ் சில்லு செய்த வேலையை ஆயிரம் மெகாஹெர்ட்ஸ் சில்லு நடித்துக் காட்டுவதற்கு நாம் கொடுக்கும் கூலி செல்லில் தெரிகிறது.

செல் வாங்கும்போது ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கடையில் 9900 என்று அச்சடித்த 18650 செல் எடுத்துக் காட்டினார்கள், விலையும் மலிவு. அந்த அளவு உடம்புக்குள் இன்றைக்கு நல்ல நிறுவனங்களே 3500 சொச்சம்தான் அடைக்கின்றன. அச்சுக்குக் காசா பணமா. கையில் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும், உண்மையான செல் 45 கிராம் பக்கம் வரும், இது காய்ந்த மிளகாய் மாதிரி இருந்தது.

சார்ஜ் ஏற்ற டிபி4056 என்ற குட்டி போர்டு இருக்கிறது, சில பத்து ரூபாய். அதிலேயே இரண்டு ரகம். செல்லை மிகையாக வடியவிடாமலும் ஷார்ட் ஆனால் துண்டிக்கவும் காவல் சில்லு வைத்த ரகம் ஒன்று, வைக்காத ரகம் ஒன்று. காவல் உள்ளதில் பேட்டரிக்குத் தனியாகவும் வெளியே எடுக்கத் தனியாகவும் நாலு இணைப்பு இருக்கும், அதையே கேட்டு வாங்குங்கள். நான் முதலில் மற்றதை வாங்கினேன், சால்டரிங் செய்யும்போது ஈயத் துளி ஒன்று இரண்டு முனைக்கும் பாலம் போட்டுவிட்டது. ஒயரின் தோல் உருகிய வாசனை அடுப்படி வரை போனது. அம்மா எட்டிப் பார்த்து, "வீட்ட கொளுத்திடாதடா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அன்று ஞாயிறு, ரிச்சி தெருவில் பெரும்பாலான கடை மூடியிருக்கும். அடுத்த வார வேலை தானாகவே நிர்ணயமாகிவிட்டது. இன்னொன்று, லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. கத்திரி வெயிலில் வண்டி டிக்கிக்குள் வைத்து பவர் பேங்கில் சொருகிவிட்டுப் போகாதீர்கள். பெட்டியை 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்திருந்தால் அதுவும் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதாகத் தொடும்.

பட்டன்களுக்கு எல்லோரும் எடுப்பது டாட் போர்டில் பொருந்தும் குட்டி டாக்ட் ஸ்விட்ச். வேலை செய்யும், ஆனால் டக்டக்டக் என்று ராத்திரியில் வீடே எழுந்துவிடும், கட்டை விரலும் வலிக்கும். நான் வேறு வழி எடுத்தேன். இப்போதும் கிடைக்கும் டிவி கேம் ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கி, உடைத்து, உள்ளே இருந்த போர்டையும் ரப்பரையும் அப்படியே வைத்துக்கொண்டேன். அந்த ரப்பரின் அடியில் கறுப்பாக ஒரு கார்பன் வில்லை இருக்கும். அமுக்கினால் அது போர்டில் உள்ள இரண்டு கோடுகளை இணைக்கும். அந்த மெத்தென்ற அமுக்கல்தான் அண்ணன் கைக்குப் பழக்கமானது.

ஜாய்ஸ்டிக் பேசும் முறையும் அழகு. எட்டுப் பட்டனுக்கு எட்டு ஒயர் இல்லை. மின்சாரத்துக்கு இரண்டு போக, மூன்றே ஒயர். பெட்டி ஒரு ஒயரில் 'இப்போது பார்' என்று சைகை கொடுக்கும். ஜாய்ஸ்டிக் அந்தக் கணத்தில் எது எது அமுங்கியிருக்கிறது என்று மனசில் குறித்துக்கொள்ளும். பிறகு பெட்டி இரண்டாவது ஒயரில் ஒவ்வொரு முறை தட்டும்போதும் மூன்றாவது ஒயரில் ஒரு பட்டனின் நிலையைச் சொல்லும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். எப்போதும் இதே வரிசை, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பது போல. அசல் ஜாய்ஸ்டிக்கில் இதற்கு 4021 என்ற சில்லு இருந்தது. மலிவு நகலில் இங்கேயும் கறுப்புப் பொட்டுதான். என்னுடையது 3.3 வோல்ட்டிலேயே ஒழுங்காகப் பேசியதால் போர்டுடன் நேராக இணைத்துவிட்டேன்.

வருகைப் பதிவை கேம் ஒரு ஃபிரேமுக்கு ஒரு முறைதான் எடுக்கும். இங்கேயும் நேரக் கணக்கு வந்துவிடுகிறது. பழைய பிக்சர் ட்யூப் டிவியில் பெட்டி வரைய வரையவே புள்ளி திரையில் எரிந்தது. என் கருவியில் பட்டனை அமுக்கியபின், எமுலேட்டர் படத்தை முழுதாக முடித்து, அதை டிரைவர் எடுத்து, ஒற்றை ஒயரில் அனுப்பி, திரை அதைக் காட்டுவதற்குள் இரண்டு மூன்று ஃபிரேம் கூடுதலாகப் போய்விடும். ஐம்பது மில்லி நொடி என்று சொன்னால் ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். பள்ளத்தின் விளிம்பில் குதிக்கும்போது அந்த ஐம்பதில்தான் உயிர் போகும். ரெட்ரோஆர்ச்சில் இதை ஈடுகட்ட ஒரு தந்திரம் இருக்கிறது, எமுலேட்டரைப் பின்னணியில் ஒரு ஃபிரேம் முன்னால் ஓடவிட்டு, வரப்போகும் படத்தை இப்போதே காட்டுவது. வீணாகிக் கிடந்த அந்தக் கூடுதல் பலம் இதற்காவது பயன்பட்டது.

பெட்டி பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் ஜாமெட்ரி பாக்ஸில் செய்தேன். தகரம், தொட்ட இடமெல்லாம் ஷார்ட். பிறகு பிரிண்ட் அடித்துக்கொண்டேன்.

மென்பொருள் பக்கம் ஒரு எச்சரிக்கை மட்டும்: ராஸ்ப்பெரி பையில் ஓடுவது முழு லினக்ஸ். ஸ்விட்சைச் சட்டென்று அணைத்தால் மெமரி கார்டு கெட்டுப்போக வாய்ப்புண்டு, ஆரம்பமாகவும் அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் ஈஎஸ்பி32 போர்டு நல்லது. இரட்டை உள்ளகம், 240 மெகாஹெர்ட்ஸ், இயக்குதளம் என்று தனியாக எதுவும் கனமாக இல்லை, ஸ்விட்சைப் போட்டதும் கேம். நெஸ், கேம் பாய் போதும் என்பவர்களுக்கு அதுவே தாராளம். இனிமேல் செய்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கேம்களுக்கு எங்கே போவது என்று எல்லோரும் கேட்பார்கள். எமுலேட்டர் செய்வது குற்றமில்லை. சோனி தொடுத்த வழக்கில், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் நிறுவனத்துக்குச் சாதகமாக அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. கேமை நகலெடுப்பது வேறு விஷயம். நம் 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலையவோ அழியவோ கூடும் என்பதற்காகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. கடையில் இப்போது விற்பதில்லை என்பதால் மட்டும் உரிமை காலாவதியாகிவிடாது. என்னிடம் அப்பா வாங்கித் தந்த கேசட் இருக்கிறதே என்று சொல்லலாம். அந்தக் கேசட்டே நகல். 'சட்டப்படி வைத்திருப்பவர்' என்று நெஞ்சைத் தட்டிச் சொல்ல நம் தலைமுறையில் எத்தனை பேரால் முடியும்? நெஸ்ஸுக்காக இன்றும் புதிதாக கேம் எழுதி இலவசமாகத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவற்றை ஓட்டுவதில் எந்த வம்பும் இல்லை. மாரியோ இல்லாமல் அண்ணனை உட்கார வைக்க முடியாது என்பது என் பலவீனம்.

இப்போது அந்த ஆறில் ஒரு பங்குக்கு வரலாம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி நொடிக்கு அறுபது முறை படத்தைப் புதுப்பிக்கும். நம் ஊரில் 1982இல் தூர்தர்ஷன் கலருக்கு மாறியபோது எடுத்துக்கொண்டது பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை: 625 வரி, நொடிக்கு ஐம்பது. ஜப்பானிய கேமை இந்த டிவியில் காட்ட நகல் செய்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிண்டெண்டோ ஐரோப்பாவுக்கென்று செய்த பால் பெட்டியில் மூளைக்கும் படச்சில்லுக்கும் இடையிலான தாளமே மாறிவிட்டது, மூன்றுக்கு ஒன்று என்பது 3.2க்கு ஒன்று ஆகிவிட்டது. அதனால் ஜப்பானிய கேசட்டுகள் சில அங்கே தடுமாறும். யுஎம்சி சில்லில் மூன்றுக்கு ஒன்று அப்படியே இருந்தது. ஃபிரேமுக்கு 262 வரியாக இருந்ததை 312 ஆக்கிவிட்டு, கூடுதலான ஐம்பது வரியையும் படம் முடிந்தபின், கேமுக்கு 'அடுத்த ஃபிரேமைத் தயார் செய்' என்று மணி அடிப்பதற்கு முன், வெறும் காத்திருப்பாக நுழைத்துவிட்டார்கள். கேமுக்கு எதுவுமே மாறியது தெரியாது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், பிறகு மணி அடிக்கும், வழக்கம்போல வேலையைத் தொடரும்.

ஆனால் கேம் எண்ணுவது நொடியை இல்லை, மணியை. மாரியோவின் மேல் ஓரத்தில் 400இலிருந்து குறைந்துகொண்டே வரும் எண் இருக்கிறதே, அது 24 ஃபிரேமுக்கு ஒன்று குறையும். நானூறும் தீர 9,600 ஃபிரேம். ஜப்பான் பிள்ளைக்கு அது 160 விநாடி. பெரம்பூர் பிள்ளைக்கு 192 விநாடி. பாட்டும் இந்த மணியை எண்ணித்தான் நகர்கிறது, அதனால் தாளம் ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். சுருதி மட்டும் மூளையின் துடிப்பைப் பொறுத்தது. அது நகலில் 1.79க்குப் பதில் 1.77, ஒரு சதவீதம்கூட முழுதாகக் குறையவில்லை. அதே ராகம், சவுக்க காலம். ஆமை மெதுவாக வந்தது, தோட்டா மெதுவாக வந்தது, நம் கண்ணும் கையும் மட்டும் அதே வேகத்தில் இருந்தன. காண்ட்ராவை ஒரே லைஃபில் முடித்தேன் என்று அண்ணன் இன்றுவரை அடிக்கும் பெருமையில் ஆறில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதை அவனிடம் சொல்லவில்லை.

என் எமுலேட்டர் ஒழுக்கமாக ஜப்பான் கணக்கில், நொடிக்கு அறுபதில் ஓடிக்கொண்டிருந்தது. அசலுக்கு அதுதான் சரி. நாங்கள்தான் அசலைப் பார்த்ததே இல்லை. நெஸ் எமுலேட்டர்கள் பலவற்றில் எந்த நாட்டுப் பெட்டி என்று கேட்கும் இடத்தில் ஜப்பான்-அமெரிக்கா, ஐரோப்பா தவிர மூன்றாவதாக 'டெண்டி' என்று ஒன்று இருக்கும். 1992 இறுதியில் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்து அங்கே பெரும் புகழ் பெற்ற நகல் பெட்டியின் பெயர் அது. உள்ளே இதே 312 வரி ஏற்பாடு. நம் டிவி கேமின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதைத் தேர்ந்தெடுத்தேன்.

தேர்ந்தெடுத்ததும் இன்னொன்று நடந்தது. 256க்கு 240 படம் நொடிக்கு ஐம்பது முறை என்றால் 4.9 கோடி பிட். என் 50 மெகாஹெர்ட்ஸ் ஒயரில் போகக்கூடியது 5 கோடி. மயிரிழையில் உள்ளே அடங்கிவிட்டது, மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்பும் உத்தியும் துணைக்கு இருந்ததால் திக்கல் போயே போச்சு. திரையின் பக்கம் மட்டும் ஒரு வேலை மிச்சம். ஐஎல்ஐ9341 வழக்கமாக நொடிக்கு 70 முறை தன்னைப் புதுப்பிக்கும், ஐம்பதுக்கும் எழுபதுக்கும் ஒத்துப்போகாமல் ஓட்டத்தில் லேசான உதறல் தெரிந்தது. அந்த எண்ணை 61 முதல் 119 வரை மாற்ற ஒரே ஒரு பதிவேடு இருக்கிறது. 100 என்று வைத்தேன். ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு முறை காட்டப்படும், கணக்கு நேராகிவிடும். திரையின் கடிகாரமும் போர்டின் கடிகாரமும் தனித்தனி என்பதால் எப்போதாவது ஒரு கோடு படத்தை வெட்டிக்கொண்டு நகரும். அதோடு வாழலாம்.

அடுத்த ஞாயிறு ஒன்றும் சொல்லாமல் அண்ணன் கையில் கொடுத்தேன். முதல் கட்டத்தை முடித்து, குழாய்க்குள் இறங்கி, காசெல்லாம் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தான். இந்த முறை வேகத்தைப் பற்றி மூச்சே இல்லை.

"சவுண்டு கம்மியா இருக்குடா" என்றான்.

ஒரு வாட் ஸ்பீக்கர். திங்கட்கிழமை ரிச்சி தெருவுக்குப் போக வேண்டும்.